இரவுப் புட்டியும் ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லும்

பிள்ளைகளின் பல் பற்றி பினாங்கு வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் பல் மருத்துவக் குழு பதில் தருகிறது.

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. படுக்கும்போது மைலோ கலந்த பால் புட்டி வேண்டும். வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவான். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது. “விழுகிற பல்தானே” என்கிறார் மாமியார். கிளினிக்குக்குப் போக வேண்டுமா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: போக வேண்டும் அம்மா, இந்த வாரமே. அந்த வெள்ளைக் கோடு சொத்தையின் முதல் நிலை. பல்லின் தாதுச்சத்து கரையத் தொடங்கிவிட்டது. குழி இன்னும் விழவில்லை. இப்போது ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, வீட்டுப் பழக்கத்தையும் மாற்றினால் பல் மீண்டும் கெட்டிப்படும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அடைப்பதைத் தவிர வழியில்லை.

பகலில் எச்சில்தான் பல்லைக் கழுவுகிறது. தூக்கத்தில் அது மிகவும் குறைந்துவிடும். வாயில் தேங்கும் இனிப்புப் பாலைக் கிருமிகள் அமிலமாக்கும். அந்த அமிலம் மணிக்கணக்கில் பல் மேலேயே நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கின்றன, மேல் பற்கள் அகப்பட்டுக்கொள்கின்றன.

புட்டியை ஒரே இரவில் பிடுங்கினால் வீடே விழித்திருக்கும். முதலில் மைலோவை மட்டும் நிறுத்துங்கள். பிறகு இரண்டு இரவுக்கு ஒருமுறை பால் மாவில் ஒரு கரண்டி குறைத்து, தண்ணீரை அதே அளவில் வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் புட்டியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் அதற்குள் ஆசை விட்டுவிடுவார்கள். இந்தப் பால் குறைவதை ஈடுகட்ட, மாலையில் கப்பில் பால் கொடுங்கள். பல் துலக்கிய பின் தண்ணீர் மட்டும்.

துலக்குவது உங்கள் வேலை, அவன் வேலையல்ல. தலையை உங்கள் மடியில் சாய்த்து, மேல் உதட்டை விரலால் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷை வையுங்கள். உதட்டைத் தூக்காமல் துலக்கினால் கோடு விழுந்த இடத்தில் பிரஷ் படவே படாது. பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவு. நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். ஏழெட்டு வயது வரை பெரியவர் கைதான் துலக்க வேண்டும்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: முன் பால்பற்கள் ஆறேழு வயதில் விழும், ஆனால் பின் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றை முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைக்கும், அடியிலிருந்து வரும் நிரந்தரப் பல் கோணலாகும்.

கேள்வி: மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. பள்ளிக்கு வந்த பல் குழுவினர் கடைவாய்ப்பல்லுக்குப் பூச்சு போட அனுமதிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பால்பல்லுக்கு இது எதற்கு?
– ஒரு தந்தை, ஜெலுத்தோங்

பதில்: அது பால்பல் இல்லை. ஆறு வயதளவில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முளைக்கும் நிரந்தரப் பல் அது. பெற்றோர் கண்ணில் படாததால்தான் அது முதலில் சொத்தையாகிறது. மெல்லும் பக்கத்தில் பிரஷ் முடியே நுழையாத குறுகலான பள்ளங்கள் உண்டு. பூச்சு அவற்றை மூடிவிடும். ஊசி, துளையிடல் இல்லை. சுத்தம் செய்து, அமிலக் களிம்பைச் சில நொடிகள் தடவிக் கழுவி, நன்றாக உலர்த்தி, திரவப் பிசினைப் பூசி நீல ஒளியில் இறுக வைப்பார்கள். உலர்ந்த பல்லில் எச்சில் பட்டால் பூச்சு பிடிக்காமல் பிறகு உரிந்துவிடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள். கடிதத்தில் கையெழுத்திடுங்கள். பல் முழுதாக வெளிவரும்வரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருக்கும், ஆகவே கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்துத் துலக்க வேண்டும்.

கேள்வி: ஆறரை வயது மகனுக்குக் கீழே பால்பல் விழாமலேயே பின்னால் புதுப்பல் முளைத்துவிட்டது. – பாயான் பாரு வாசகி

பதில்: அடிக்கடி நடப்பதுதான். பால்பல் ஆடினால் நாக்காலும் விரலாலும் ஆட்டச் சொல்லுங்கள். அது விழுந்தபின் நாக்கு புதுப்பல்லை மெல்ல முன்னே தள்ளும். சில வாரங்களாகியும் அசையவே இல்லையென்றால் கிளினிக்கில் காட்டுங்கள்.

கேள்வி: பள்ளித் திடலில் ஒன்பது வயதுப் பையனின் முன்பல் வேரோடு விழுந்துவிட்டால் ஆசிரியர் உடனே என்ன செய்யலாம்? – ஓர் ஆசிரியை, பிறை

பதில்: அந்த வயதில் முன்பல் நிரந்தரப் பல்; காப்பாற்ற முடியும். வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடிகள் அலசலாம், தேய்க்கக் கூடாது. பையன் நிதானமாக இருந்தால் பல்லைக் குழியிலேயே திரும்ப வைத்து, கைக்குட்டையைக் கடிக்கச் செய்யுங்கள். முடியாவிட்டால் கேண்டீனில் பாக்கெட் பால் வாங்கி அதில் போடுங்கள். இனிப்புச் சேர்த்த கெட்டிப்பால் உதவாது. டிஷ்யூவில் சுற்றினால் வேரின் உயிரணுக்கள் காய்ந்து செத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்த்தால் வாய்ப்பு நல்லது, ஒரு மணி நேரம் தாண்டினால் வெகுவாகக் குறையும். பெற்றோருக்குப் போகும் வழியிலேயே போன் செய்துகொள்ளலாம். விழுந்தது சின்னப் பிள்ளையின் பால்பல்லாக இருந்தால் மட்டும் திரும்ப வைக்காதீர்கள். அடியில் வளரும் பல் அடிபடும்.