26 வயதில் எலும்புத் தேய்மானமா?

கேள்வி: எனக்கு 26 வயது, கணினி முன் அமர்ந்து வேலை செய்கிறேன். அலுவலகத்தில் நடந்த முகாமில் குதிகாலைக் கருவியில் வைத்துப் பார்த்து, 'டி ஸ்கோர் மைனஸ் 1.9, எலும்பு தேய்ந்துவிட்டது' என்றார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி 11. இடுப்பும் தொடையும் வலிக்கின்றன. எலும்பை வலுவாக்கும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

பதில்: இப்போது அந்த ஊசி தேவையில்லை. முகாமில் செய்தது குதிகால் அல்ட்ராசவுண்ட். அதை வைத்து எலும்புத் தேய்மானம் என்று முடிவு கட்ட முடியாது. டி ஸ்கோர் என்பது உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண்; அதன் வரம்புகள் மாதவிடாய் நின்ற பெண்களையும் 50 வயதைக் கடந்த ஆண்களையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. உங்கள் வயதினருக்கு, முதுகெலும்பிலும் இடுப்பிலும் எலும்பு அடர்த்தியை எக்ஸ்ரே கொண்டு அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோர் மைனஸ் 2 அல்லது அதற்கும் கீழே இருந்தால்தான் வயதுக்குரிய அடர்த்தி இல்லை என்போம்.

ஆனால் அந்த 11 நானோகிராம் என்பதை அலட்சியப்படுத்தக் கூடாது. 20-க்குக் கீழே இருந்தாலே குறைபாடுதான். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் வலிக்கிறதா, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். வலியும் சிரமமும் இருந்தால், அது எலும்பு மென்மையாகும் நோயாக இருக்கலாம்: கம்பி கட்டிய தூணில் கான்கிரீட் நிரம்பாமல் நிற்பதைப் போல, எலும்பின் புரதச் சட்டகத்தில் கால்சியம் படியாமல் இருக்கும் நிலை. கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், பாராதைராய்டு ஹார்மோன் ஆகிய ரத்தப் பரிசோதனைகளில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். குறைபாட்டைச் சரிசெய்தால் அடர்த்தியும் கணிசமாக உயரும் என்பதால், டெக்ஸாவுக்கு அவசரம் இல்லை. மாதவிடாய் பல மாதம் வராமல் இருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுத்திருந்தாலோ, லேசாக விழுந்தே எலும்பு முறிந்திருந்தாலோ மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

வழக்கமாக 60,000 யூனிட் வைட்டமின் டி, வாரம் ஒருமுறை, எட்டு வாரங்களுக்குத் தரப்படுகிறது. மருத்துவர் சீட்டோடு, கொழுப்புச் சத்துள்ள உணவுக்குப் பின் சாப்பிடுங்கள். அதைத் தினமும் சாப்பிட்டு வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் என்று வருபவர்கள் உண்டு, எனவே சாப்பிடும் கிழமையை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கால்சியம் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும்; 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 360 கிடைக்கிறது, மீதிக்குப் பால், தயிர், கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி. அலுவலகக் கண்ணாடி வழியே விழும் வெயிலால் வைட்டமின் டி உருவாகாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் வேளையில் கைகளில் வெயில் படும்படி சற்று நேரம் நடந்துவிட்டு வாருங்கள். மூன்று மாதம் கழித்து வைட்டமின் டி அளவை மீண்டும் பாருங்கள்.