ஜிசிஎஸ்இ-யில் 5 வந்தால் சட்டப் படிப்பு கிடைக்காதா?

கேள்வி: மகள் லண்டனில் இயர் 12 (ஏ லெவலின் முதல் ஆண்டு) படிக்கிறாள். ஜிசிஎஸ்இ-யில் (16 வயதில் எழுதும் பொதுத் தேர்வு, 9தான் உச்ச கிரேடு) ஆங்கிலத்துக்கு 8, மூன்று பாடங்களில் 7, மூன்றில் 6, கணக்கில் 5, ஜெர்மனில் 4. ஏ லெவலுக்கு (18 வயதில் எழுதும் பள்ளி இறுதித் தேர்வு) பள்ளி கணித்திருப்பது ஏ ஸ்டார், ஏ, ஏ. நல்ல யூனிவர்சிட்டியில் சட்டம் கிடைக்குமா? கணக்கைத் திரும்ப எழுத வைக்கலாமா?

பதில்: கணக்கைத் திரும்ப எழுத வேண்டாம். ஆங்கிலமும் கணக்கும் குறைந்தபட்ச கிரேடைத் தொட்டிருக்கின்றனவா என்பதுதான் பெரும்பாலான இடங்களில் முதல் சோதனை. அது வழக்கமாக 4 அல்லது 5. ஆங்கிலத்தில் 6 கேட்கும் இடமும் உண்டு. மகள் அதையும் தாண்டிவிட்டாள். ஜெர்மன் 4 பெரிய விஷயமே இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் மட்டும் பார்க்கும் விதம் வேறு. அங்கே ஜிசிஎஸ்இ-யைப் படித்த பள்ளியோடு சேர்த்துத்தான் எடைபோடுவார்கள். பெரும்பாலோர் 5 வாங்கும் பள்ளியில் வந்த 7-க்கும், நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்த்து, வகுப்பே 9 வாங்கும் கிராமர் ஸ்கூலில் வந்த 7-க்கும் மதிப்பு ஒன்றல்ல. கேம்பிரிட்ஜ் ஜிசிஎஸ்இ-க்கு குறைந்தபட்ச கிரேடு எதுவும் வைக்கவில்லை; ஆனால் பார்ப்பார்கள். ஒரே ஆண்டில் இரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம், கெடு அக்டோபர் 15.

கணக்குக்குச் செலவிட நினைக்கும் நேரத்தை எல்நாட் (LNAT) என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்குக் கொடுங்கள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ, யூசிஎல், கிங்ஸ், டர்ஹம், பிரிஸ்டல் எல்லாம் அதைக் கேட்கின்றன. 95 நிமிடத்தில் 12 பத்திகள், 42 கேள்விகள்; பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. சட்ட அறிவு வேண்டியதில்லை. எழுதியவர் சொல்லாமலே எதை வைத்துக்கொண்டு வாதாடுகிறார் என்று பிடிக்கத் தெரிய வேண்டும். மதிப்பெண் சராசரி 42-க்கு 20-களின் தொடக்கத்திலேயே நிற்கும், அதனால் 24 வந்தால் அழ வேண்டாம். தவறான விடைக்குக் கழிவு இல்லை, எதையும் காலியாக விடக் கூடாது. கட்டுரைக்கு எல்நாட் மார்க் போடாது, யூனிவர்சிட்டியே வாசிக்கும். ஒரு விண்ணப்பச் சுற்றில் ஒரே தடவைதான் எழுதலாம், அடுத்த ஆண்டு விண்ணப்பித்தால் மறுபடி எழுதியாக வேண்டும். தேர்வு செப்டம்பரில் தொடங்கும். பதிவு ஆகஸ்டிலேயே திறந்துவிடும், அப்போதே இடம் பிடியுங்கள்.

யூகாஸ் (யூனிவர்சிட்டிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) படிவத்தில் அந்த ஜெர்மன் 4-ஐ விட்டுவிடலாமா என்று சில வீடுகளில் யோசிப்பார்கள். விடக் கூடாது. முடித்த தேர்வு எல்லாமே, தோற்றதும் திரும்ப எழுதியதும் உட்பட, படிவத்தில் இருக்க வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமே போகும். குறைந்த கிரேடு அந்த அளவு கெடுதல் செய்யாது.

பரீட்சை நேரத்தில் நோய், வீட்டில் சாவு, பள்ளி மாற்றம் ஏதாவது இருந்ததா? அதைச் சொல்ல வேண்டிய இடம், படிவத்தில் மாணவரே தன்னைப் பற்றி எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட் இல்லை. இப்போது மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்ட அந்த 4,000 எழுத்துகள் சட்டத்துக்கே பற்றாது. ஆசிரியர் எழுதும் ரெஃபரன்ஸில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. கோடை விடுமுறைக்கு முன்பே ஆதாரக் கடிதங்களோடு பள்ளியில் பேசிவிடுங்கள். செப்டம்பரில் போனால் அவசரத்தில் ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள்.

யூகாஸில் தரும் ஐந்து தெரிவுகளையும் எல்நாட் கேட்கும் இடங்களுக்கே கொடுப்பது அவளுக்குச் சரிவராது. மூன்று போதும். மற்ற இரண்டுக்கு எல்நாட் கேட்காத வாரிக், லீட்ஸ், மான்செஸ்டர் போன்றவற்றைப் பாருங்கள். அவற்றில் ஒன்றாவது, ஏ லெவலில் ஒரு கிரேடு சறுக்கினாலும் எட்டக்கூடியதாக இருக்கட்டும்.