கதவைச் சாத்திக்கொண்டு பேசட்டும் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

கரூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மாமியாரும் மகனும்தான். கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஆளே மாறிவிட்டான். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வயிற்றுவலி என்கிறான். ராத்திரி ஒரு மணி வரை போன். கிரிக்கெட் விளையாடப் போவதையும் விட்டுவிட்டான். வகுப்பாசிரியை என்னை அழைத்து, "கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார்.

கரூரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் சொந்தக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் சித்தி மகள், ஆன்லைனில் பேசும் ஒரு கவுன்சிலரின் பெயரைக் கொடுத்தாள். 50 நிமிடத்துக்கு 1200 ரூபாய். போன் திரையில் பேசினால் சரியாகுமா? அவன் பேசும்போது நான் பக்கத்தில் உட்காரலாமா? மாத்திரை கொடுத்துவிடுவார்களா? நாளைக்கு அவன் வேலைக்குப் போகும்போது இது எங்காவது பதிவாகி நிற்குமா? மாமியாருக்குத் தெரிந்தால் "பையனைப் பைத்தியம்னு ஆக்கிட்டா" என்பார். எனக்கும் இரண்டு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. அது வேறு கதை.

க.

அன்புள்ள க.,

அது வேறு கதையல்ல. மாதக்கணக்கில் தூங்காத ஒருவருக்கும் உதவி வேண்டும். முடியுமென்றால் மகனுக்கு முன்பாக நீங்கள் ஒரு முறை ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். "நான் பேசினேன், இப்படித்தான் இருந்தது" என்று சொல்லும் அம்மாவை அவன் நம்புவான். வீட்டில் தனக்கு மட்டும்தான் கோளாறு என்ற எண்ணம் 15 வயதில் மிகவும் வலிக்கும். அதுவும் கொஞ்சம் இறங்கும். ஆனால் உங்களுக்கு ஒருவர், அவனுக்கு வேறொருவர் என்று இருக்கட்டும். நீங்கள் பேசும் அதே ஆளிடம் அவனை அனுப்பினால், அம்மா முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லி வைத்திருப்பாள் என்றுதான் நினைப்பான்.

திரை வழியாகச் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ரொம்பத் தூரமில்லாத புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010லேயே இதைச் செய்து பார்த்தார்கள். மனநோய் சிகிச்சைக்காக இயங்கும் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் ஒரு பேருந்துக்குள் திரையை வைத்து ஊர் ஊராக அனுப்பியது. சென்னையில் உட்கார்ந்திருந்த மனநல மருத்துவரோடு கிராமத்து மக்கள் அந்தத் திரையில் பேசினார்கள், மருந்தை அங்கேயே இலவசமாக வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் பலர் தீவிர மனநோயோடு வாழ்ந்தவர்கள். உங்கள் மகனிடம் நீங்கள் பார்ப்பது போன்ற மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு நேரில் பேசுவதும் காணொளியில் பேசுவதும் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் வீட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. குவைத்துக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். மகன் ஒத்துக்கொண்டால் ஒரு வெள்ளிக்கிழமை அவன் அப்பாவும் திரையில் சேர்ந்துகொள்ளலாம். கரூரில் நேரில் போயிருந்தால் அதற்கு அவருடைய அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வயிற்றுவலி என்று அவன் சொல்வதை நடிப்பென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியை நினைத்ததும் உண்மையாகவே வயிறு வலிக்கும் பிள்ளைகள் உண்டு. உடம்பில் வேறு நோய் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. வழக்கமாகப் போகும் மருத்துவரிடம் காட்டி, இரத்தசோகை, தைராய்டு போன்றவற்றையும் பார்த்துவிடுங்கள்.

சித்தி மகள் கொடுத்த பெயரைப் பற்றி. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே மனநலம் படித்தவர். மாத்திரை எழுதுபவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுதமாட்டார். பேச்சு வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, ஒழுங்கானவர்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள். 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டிக்கொள்ள நம் ஊரில் இன்றும் பெரிய தடை கிடையாது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார், 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா, தமிழில் பேசுவாரா என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். "நாலே சிட்டிங்கில் சரிபண்ணித் தருகிறேன்" என்பவரை விட்டுவிடுங்கள்.

ஆகவே ஆலோசகரிடம் பேசினால் மாத்திரை வராது. தேவைப்பட்டால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வார். அந்த மருத்துவரை இணையத்தில் பார்ப்பதானால், 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி சிறார்களோடு பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், அவர் யாரென்று மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சில வகை மருந்துகளை இணையவழியில் எழுதவே கூடாது என்றும் அதில் இருக்கிறது.

முதல் சந்திப்பைப் பற்றி நிறையப் பேர் தவறாக எதிர்பார்க்கிறார்கள். அன்றைக்குச் சிகிச்சை என்று பெரிதாக எதுவும் நடக்காது. முன்கூட்டியே ஒரு படிவம் வரும்: பெயர், வயது, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள், அவசரத்தில் யாரை அழைப்பது. ஒப்புதல் படிவத்தை வாசித்துப் பாருங்கள்; சந்திப்பை ரத்து செய்தால் பணம் திரும்புமா, இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது, பேசுவதைப் பதிவு செய்து வைப்பார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். மகனுக்கு 18 ஆகாததால் அவனுக்காகக் கையெழுத்திடுபவர் நீங்கள். ஆனாலும் அவனிடமும் சம்மதம் கேளுங்கள். அழைப்பு தொடங்கியதும் "இப்போது எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்பார்கள். ஏதாவது ஆபத்து என்றால் உதவியை எங்கே அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான். பிறகு தூக்கம், சாப்பாடு, படிப்பு, நண்பர்கள், வீட்டில் யார் யார் என்று கேள்விகள் நீளும். ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு படிவத்தையும் கொடுக்கக்கூடும். கடந்த இரண்டு வாரத்தில் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் போட வேண்டும். கடைசிக் கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் குறித்தது. அதைப் பார்த்துப் பதறாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஏற்கெனவே வந்திருந்தால், ஒருவர் கேட்டதே ஆறுதலாக இருக்கும்.

பேசி முடித்த அன்று சிலருக்கு நிம்மதியாக இருக்கும், சிலருக்கு முன்பைவிடக் கனமாக இருக்கும். இரண்டும் நடப்பதுதான். உடனே அடுத்த வேலைக்கு ஓடாமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. பக்கத்தில் உட்காரலாமா? முதல் பத்து, பதினைந்து நிமிடம் உட்காரலாம், ஆலோசகரே அழைப்பார். அப்போது நீங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள், அவன் முன்னாலேயே சொல்லுங்கள், குற்றப்பத்திரிகையாக இல்லாமல். பிறகு எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். இதில் நான் கொஞ்சமும் இறங்கி வரமாட்டேன். கதவுக்குப் பின்னால் அம்மா நிற்கிறாள் என்று தெரிந்த பையன் 50 நிமிடமும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வான், உங்கள் 1200 ரூபாய் அதற்கே போகும்.

நம் வீடுகளில் தனிமை என்பது சும்மா கிடைப்பதில்லை. அதை ஏற்பாடு செய்வதுதான் உங்கள் பங்கு. மாமியாரைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் மாலையாகப் பார்த்து நேரம் வாங்குங்கள். அவனுக்கு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். அறைக்கு வெளியே ஒரு மேசை விசிறி ஓடட்டும், பேச்சு வெளியே கேட்காது. வீட்டில் முடியவே முடியாதென்றால் தோட்டத்து வேப்பமரத்தடியும் போதும், சிக்னல் கிடைத்தால். முகம் காட்டக் கூச்சப்பட்டால் முதல் ஓரிரு முறை கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாமா என்று ஆலோசகரிடம் அவனே கேட்கட்டும். பாதி நேரம் சும்மா இருந்தாலும் அது வீணல்ல. இந்த வயதுப் பிள்ளைகள் எதிரில் இருப்பவரை அளந்து பார்க்க சில வாரம் எடுத்துக்கொள்வார்கள்.

வெளியே வந்ததும் "என்னடா சொன்னே?" என்று கேட்காதீர்கள். "பசிக்குதா?" போதும். அவன் சொன்னதையெல்லாம் ஆலோசகர் உங்களிடம் சொல்லமாட்டார். பொதுவாக எப்படிப் போகிறது, வீட்டில் எதை மாற்றலாம் என்று மட்டும் சொல்வார். அவன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மறைக்கமாட்டார். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த விதிவிலக்குகளை நல்ல ஆலோசகர் முதல் நாளே அவனிடம் சொல்லிவிடுவார். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

வேலையைப் பற்றிய பயம்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் இரகசியமாக இருப்பதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. பள்ளியும் நாளைய முதலாளியும் கேட்டதும் எடுத்துக் கொடுக்க அவை பொதுப் பதிவேட்டில் இருப்பவை அல்ல. எனக்குக் கவலை வேறு இடத்தில். பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய அமெரிக்கச் செயலி, பயனர்களின் மின்னஞ்சல் முகவரியையும் மனநலக் கேள்விகளுக்கு அவர்கள் தந்த பதில்களையும் ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் கட்டச் சொல்லி அதற்கு உத்தரவு வந்தது. அதனால் எந்தச் செயலியாக இருந்தாலும் விவரங்களை யாரோடு பகிர்கிறது என்று பார்த்த பிறகு படிவத்தை நிரப்புங்கள். நேரடியாக ஆலோசகரோடு காணொளி அழைப்பில் பேச முடிந்தால் எனக்கு அதுவே மேல்.

பணம் கடினமாகும் மாதத்தில் நிறுத்திவிட வேண்டாம். 14416க்கு அழைத்தால் எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை அது, நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் ஒதுக்க வேண்டாம். அங்கே உங்களைப் பார்க்கும் சொந்தக்காரரும் ஏதோ ஒரு வைத்தியத்துக்குத்தான் வந்திருப்பார்.

திரை போதாத நேரங்கள் உண்டு. அவன் சாவைப் பற்றிப் பேசினால், கையைக் கிழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னால், சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டால், அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தோட்டம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன்: பூச்சிமருந்தை இன்றைக்கே வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா அமைப்பும் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். ஒரு கண நேர முடிவுக்கும் விஷத்துக்கும் நடுவில் கொஞ்சம் தூரத்தை வைப்பதுதான் அதன் நோக்கம். உங்கள் மகன் அந்த நிலையில் இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை இருக்கும் வீட்டிலும் செய்ய வேண்டியது இது.

மூன்று, நான்கு சந்திப்புக்குப் பிறகும் "இவங்ககிட்ட பேசப் பிடிக்கலை" என்று அவன் சொன்னால், பிடிவாதம் என்று எண்ணாமல் காரணம் கேளுங்கள். சில நேரம் ஒட்டாமலே போகும். அதை ஆலோசகரிடமே அவன் சொல்லலாம், அல்லது நீங்கள் சொல்லலாம். ஒழுங்கானவர் என்றால் கோபித்துக்கொள்ளமாட்டார், வேறொருவரின் பெயரைத் தருவார்.

அன்புடன்,
அக்கா