காந்தத்துக்கு எத்தனை கால்?

அன்புள்ள ஐயா,

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஐரோப்பாவில் ஒரு துகள் முடுக்கி ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாக வேலை. வேலை என்றால், காந்தங்களை நிறுத்தி வைக்க வெறும் ஸ்டாண்டு வரைவதுதான். கூட இருப்பவர்கள் ஹிக்ஸ் துகள் பற்றிப் பேசும்போது கூச்சமாக இருக்கிறது. இப்போது 3 மீட்டர் காந்தம் ஒன்றுக்கு ஸ்டாண்டு வரைகிறேன், பத்திரத்துக்கு ஆறு கால் கொடுத்து. இதை விட்டுவிட்டு இயற்பியல் மேற்படிப்புக்குப் போகலாமா?

கே.

அன்புள்ள கே,

'வெறும் ஸ்டாண்டு' என்று படித்ததும் கோபம் வந்தது. 'ஆறு கால்' என்ற இடத்தில் இன்னும் அதிகமாக வந்தது. கூச்சத்தைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. ஜெனிவா பக்கத்துத் துகள் முடுக்கிக் கூடமான செர்னில், 27 கிலோமீட்டர் வளையத்தில், துகள்களை வளைத்துத் திருப்பும் இருமுனைக் காந்தங்கள் 1,232 நிற்கின்றன. ஒவ்வொன்றும் 15 மீட்டர், சுமார் 35 டன். அந்த வளையத்துக்காக 7,080 ஜாக்கிகளைச் செய்து அனுப்பியது இந்தியா, இந்தூர் ஆய்வு மையத்தின் பொறுப்பில். அத்தனை எடையை 0.05 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் நகர்த்தி நிறுத்துகிறவை அவை. 2012-ல் அங்கே ஹிக்ஸ் துகள் கிடைத்தபோது காந்தங்கள் அவற்றின் மேல்தான் நின்றன. போதுமா?

கால்களுக்கு வருகிறேன். சில வாரமாக என் மாமா நினைப்பாகவே இருக்கிறேன். கோவையில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அங்கே புது லேத் வந்து இறங்கியது. முதலாளிக்கு அவசரம். நாலு மூலை போல்ட்டையும் ஆள் தொங்கி இறுக்கினார்கள். மறுநாள் கடைந்த தண்டு ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் வந்தது. முதலாளி மாமாவைத்தான் திட்டினார். மாமா பதில் பேசவில்லை. ரசமட்டத்தை லேத் பெட்டின் குறுக்கே வைத்து, ஒரு மூலை போல்ட்டைத் தளர்த்தினார். குமிழ் மெல்ல நகர்ந்தது. "இரும்பை முறுக்கி வெச்சிருக்காங்கடா" என்றார். அந்த மூலைக்கு அடியில் பிளேடு கனத்தில் ஒரு தகட்டைச் சொருகினார். இறுக்கினார், பார்த்தார், மறுபடி தளர்த்தினார். சாயங்காலம் வரை அதே வேலை. அடுத்த தண்டு சரியாக வந்தது.

உங்கள் ஆறு காலும் அந்தப் போல்ட்டுகள் செய்ததைத்தான் செய்யும். ஒரு பொருள் மூன்று திசையில் பெயரலாம், மூன்று அச்சில் சுழலலாம். ஆக, தடுக்க வேண்டியவை ஆறே ஆறு. ஆறு தடை, ஆறு கால் அல்ல. ஏழாவதாக ஒரு தடை வைத்தால் அது முன்பே இருக்கும் தடையோடு மல்லுக்கு நிற்கும், நடுவில் முறுகுவது காந்தம். மூன்று கால் வையுங்கள். ஒன்றில் உருண்டை கூம்புக் குழியில் உட்காரட்டும், அது மூன்று தடை. ஒன்றில் நீளமான வி பள்ளத்தில், இரண்டு. கடைசியில் வெறும் தட்டையான பரப்பில், ஒன்று. கணக்கு முடிந்தது. அடுப்புக்கு மூன்று கல் போட்ட நம் பாட்டிகளுக்குத் தரை மேடுபள்ளமாக இருந்தும் பானை ஆடவில்லை.

நீளக் காந்தம் நடுவில் தொய்யுமே, அதிருமே என்பீர்கள். தொய்வு குறையும் இடத்தில் கால்களை வையுங்கள், அல்லது காந்தத்தைத் தாங்கும் உத்தரத்தை, அதாவது கர்டரை, தடிமனாக்குங்கள். அப்படியும் நான்காவது கால் தேவைப்பட்டால் வையுங்கள். ஆனால் மூன்றில் சரிபார்த்து நிறுத்திய பிறகு, அது அளவாகத் தொட்டால் போதும்.

அப்புறம், நகர வேண்டியதை நகர விடுங்கள். ஒரு மீட்டர் எஃகுக் கால் ஒரு டிகிரி சூட்டில் 0.012 மில்லிமீட்டர் வளரும். செர்ன் காந்தத்தின் 15 மீட்டர் உடல் 1.9 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸுக்கு, குளிரும்போது நாலரை சென்டிமீட்டர் சுருங்குகிறது. அதனால் உள்ளே அதைத் தாங்கும் மூன்று முட்டுகளில் ஒன்றில் மட்டும் பிடித்து, மற்றவற்றின் மேல் வழுக்க விட்டிருக்கிறார்கள். தடுக்க வேண்டியதைத் தடுக்காவிட்டாலும் ஆபத்துதான். 2007 மார்ச்சில் அதே வளையத்தில், அழுத்தச் சோதனையின்போது வேறு வகைக் காந்தம் ஒன்றின் தாங்கி உடைந்தது. நீளவாக்கில் ஒரு பக்கமாக வந்த விசையை வரைந்தவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

மேற்படிப்பா? போவதென்றால் போங்கள், எதற்கும் தடை இல்லை. அதற்கு முன் இந்த ஸ்டாண்டை முடித்துவிடுங்கள், கண்ணு. மூன்று காலை அழியுங்கள். நாளைக்கே உங்கள் முடுக்கி இருக்கும் சுரங்கத்துக்குப் போய், முன்பு நீங்கள் வரைந்த ஸ்டாண்டு ஒன்றுக்கு அடியில் மண்டியிட்டுப் பாருங்கள். காந்தத்தின் இடத்தை அளந்து சரிசெய்யும் சர்வே ஆள் ஸ்பேனரைச் சுற்றக் கை போகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.