கேள்வி பதில்: யூடியூப்ல 10 குவிண்டால், களத்துல 110 கிலோ

கேள்வி: பண்ணைக்காட்டுல வழக்கமா பீன்ஸ் போடுற அரை ஏக்கர்ல இந்த தடவ சோயா போட்டேன் சார். ஏக்கருக்கு 10 குவிண்டால், அதாவது 1000 கிலோன்னு யூடியூப்ல சொன்னாங்க, எனக்கு 110 கிலோதான் தேறுச்சு. செடி முழங்காலுக்குக் கூட வரல, இலையும் மஞ்சப் பூத்துப் போச்சு. வெதை மோசமா, மண்ணு மோசமா?

பதில்: அண்ணே, இந்தியா முழுக்க சராசரியே ஏக்கருக்கு 4 குவிண்டால் சொச்சம்தான், மத்தியப் பிரதேசம் மகாராஷ்டிரா பக்கம் மழைய நம்பிப் போடுறவங்கதான் அதுல முக்காவாசி. அமெரிக்காவுல சராசரி 13 குவிண்டால். அங்கயே ஜார்ஜியா மாநிலத்துல ஒரு விவசாயி 2023ல ஏக்கருக்கு 206 புஷல் எடுத்தாரு, நம்ம கணக்குல 56 குவிண்டால்! அது தண்ணியும் உரமும் ஊட்டி ஊட்டி வளத்த வயல், அதப் பாத்து ஏங்காதீங்க.

செடி குட்டையானதுக்கு ஒரு காரணம் பகல் நீளம். சோயா பகல் குறைஞ்சா சீக்கிரம் பூத்துடும், அமெரிக்கா பக்கம் ஜூன்ல 15 மணி நேரம் வெளிச்சம் இருக்குற ஊர்ல வளத்த ரகத்த, பதிமூணு மணி நேரம் கூட தொடாத நம்ம மலையில போட்டா வளர்றதுக்குள்ள பூவுக்கு வந்துரும். அதனால கோ 3 மாதிரி நம்ம பக்கத்து ரகமா பாத்து எடுங்க.

ஆனா மஞ்சப் பூத்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு சந்தேகமே வேருலதான். பூக்குற நேரத்துல ஒரு செடிய புடுங்காம மண்ணோட தோண்டிப் பாத்தீங்களா? வேருல குட்டிக் குட்டி முடிச்சு இருக்கும், அதுக்குள்ள இருக்குற ரைசோபியம்ங்கற பாக்டீரியாதான் காத்துல இருக்குற தழைச்சத்த புடிச்சு செடிக்குக் குடுக்கும். அந்த முடிச்ச நகத்தால கீறுனா உள்ள ரோஸ் கலரா இருக்கணும், வெள்ளையா இருந்தா சும்மா உக்காந்து சாப்புடுற கூட்டம், முடிச்சே இல்லன்னா இன்னும் மோசம். சோயாவுக்குன்னு தனி ரைசோபியம் இருக்கு, சோயா போடாத நிலத்துல அது இருக்காது, உளுந்துக்கான ரைசோபியம் பாக்கெட்ட வாங்கி கலந்தாலும் வேலைக்காகாது. சோயாவுக்கானதுன்னு கேட்டு வாங்கி, ஆறுன அரிசிக் கஞ்சியில வெதையோட பெரட்டி, நெழல்ல ஒணத்தி, அன்னைக்கே வெதைச்சிடணும். மலை மண்ணு புளிப்பு வேற, அதுல இந்த ரைசோபியம் நிக்காது, மண் பரிசோதனை பண்ணிட்டு தேவைன்னா வெதைக்கிறதுக்கு முன்னாடியே சுண்ணாம்பு போடுங்க.

வெதையும் சோதிச்சுக்கோங்க. சோயா வெதைக்கு ஆயுசு கம்மி, 100 வெதைய ஈரச் சாக்குல சுத்தி வச்சா 70 ஆவது மொளைக்கணும்.

இத்தனையும் பண்ணா 10 வருமான்னா, வராது. நல்லா பாத்துக்கிட்டாலே ஒரு எடத்தோட உச்ச விளைச்சல்ல 80 சதவீதம்தான் கைக்கு வரும், மிச்சத்த புடிக்க செலவழிக்கிற காசு திரும்பாது. நீங்க 4 ஐ தாண்டப் பாருங்க.

கேள்வி: சோயா போட்ட நிலத்துல அடுத்த பயிருக்கு யூரியாவே வேணாமாமே?

பதில்: அப்படி யாரு சொன்னா! 100 கிலோ பருப்புலயே 6 கிலோ தழைச்சத்து மூட்டையோட வெளிய போயிடுது. இலையும் தட்டையும் வயல்லயே மக்கினா கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான்.