குசினியில் கேட்கும் ராய்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, பாரிசுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்திருக்கிறது, கூட வேலைசெய்யும் அல்ஜீரியர்கள் நாள் முழுக்கப் போடும் பாட்டு அரபியா ஆங்கிலப் பொப்பா என்று பிடிபடவில்லை, கேட்கத் தொடங்கினால் எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அது ராய், அல்ஜீரியாவின் ஓரான் பக்கத்தில் பிறந்த பாட்டு வகை.

ஓர் அரபுக் குரல் நீளமாக இழுத்துத் தொடங்க, பிறகு வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் பாடுகிறார் என்றீர்களே, அது ஆங்கிலேயப் பாடகர் ஸ்டிங்கின் ‘டெசர்ட் ரோஸ்’ ஆகத்தான் இருக்கவேண்டும். 1999இல் வந்த இசைத்தொகுப்பில் உள்ளது. இழுப்பவர் ஷெப் மாமி, அல்ஜீரியாவின் சைதா ஊர்க்காரர். கனபேர் இந்தப் பாட்டு வழியாகத்தான் ராய்க்குள் வருகிறார்கள். ஆனால் மேற்கத்திய இசையைக் கொண்டுவந்து கலந்தது ஐரோப்பாக்காரர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கலக்கும் வேலையை அல்ஜீரியர்களே தங்கள் ஊரில் தொடங்கிவிட்டார்கள்.

ஓரான் மேற்கு அல்ஜீரியாவின் துறைமுகம். அரபியர், ஸ்பானியர், யூதர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் புழங்கிய ஊர். அந்தப் பக்கத்தில் ஷெய்கா எனப்பட்ட பாடகிகள், கஸ்பா என்ற நாணற்குழலும் குல்லால் என்ற நீள மேளமும் துணையாக, காதலையும் குடியையும் வறுமையையும் ஒளிக்காமல் பாடினார்கள். ஷெய்கா ரிமித்தியின் (1923–2006) பழைய பதிவு ஒன்றை ஒருக்கால் கேளுங்கள். குழல் மூச்சுச் சத்தத்தோடு ஒரே இடத்தைச் சுற்றிச்சுற்றி வரும், அதற்கு மேலே அவரின் கரகரத்த குரல் ஏறி நிற்கும். முதல் தடவை பிடிக்காது. பரவாயில்லை, விட்டுவிட்டுப் பிறகு கேளுங்கள்.

பிறகு பெல்லெமூ மெசாவூத் என்பவர் அந்தக் குழல் இருந்த இடத்தில் ட்ரம்பெட்டை வைத்து ஊதினார். 80களில் தெலெம்சன் ஊரில் ரஷீத் பாபா அஹ்மத் தன் ஒலிப்பதிவுக்கூடத்தில் சிந்தசைசரையும் ட்ரம் மெஷினையும் சேர்த்தார். கசட்டுகள் மலிவாகப் பரவின. ‘ஷெப்’ என்றால் இளைஞன். மூத்த ஷெய்க், ஷெய்காக்கள் வேறு, நாங்கள் வேறு என்று காட்டவே பொடியன்கள் அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள். 1986 ஜனவரியில் பாரிசுக்குப் பக்கத்தில் பொபினியில் ராய் விழா நடந்தது. ஓம், 93ஆம் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் சனம் விசாவுக்கு அலைகிற அதே பொபினிதான்.

ராய்ப் பாடகர் காலித்தின் ‘தீதீ’ 1992இல் வந்தது. அமெரிக்கரான டொன் வாஸ் தயாரித்தது, பேஸ் கிற்றார் ஆளை உட்காரவிடாது. 1996இல் வந்த அவரின் ‘ஆயிஷா’வை எழுதியவர் பிரெஞ்சுப் பாடலாசிரியர் ஜோன்-ஜாக் கோல்ட்மான், பெரும்பகுதி பிரெஞ்சு. என்னைக் கேட்டால் ‘தீதீ’ நூறு மடங்கு மேல். ஆனாலும் நீங்கள் ‘ஆயிஷா’வில் தொடங்குங்கள். வேகமில்லாத, தெளிவான பிரெஞ்சு. பாட்டும் கேட்டதாகும், பாஷையும் கொஞ்சம் காதில் ஏறும். அதன்பிறகு 1998இல் பாரிசின் பெர்சி அரங்கில் காலித், ரஷீத் தாஹா, ஃபோதெல் மூவரும் சேர்ந்து பாடிய பதிவைத் தேடுங்கள். தாஹா ராயையும் ரொக்கையும் சேர்த்தே அடித்தவர். அவரின் பழைய குழுவின் பெயரே ‘கார்ட் து செசூர்’. உங்களுக்கு இன்னும் கிடைக்காத அந்த வதிவிட அட்டைதான்!

ஒன்றில் கவனம். ஷெப் ஹஸ்னியின் காதல் பாட்டு ஓடும்போது பகிடி விடாதீர்கள். 1994 செப்டெம்பர் 29 அன்று ஓரானில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், வயது 26. அடுத்த வருடம் நான் மேலே சொன்ன ரஷீத் பாபா அஹ்மத்தையும் கொன்றார்கள். உள்நாட்டுப் போர்க்காலம். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாட்டுக்கு நடுவில் ஆட்களின் பெயரைக் கூவுவது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். கல்யாண வீட்டில் காசு கொடுத்தவரின் பெயரையும், யாருக்காகக் கொடுத்தார் என்பதையும் பாட்டை நிறுத்திச் சொல்ல ஓர் ஆள் இருப்பார். எங்கள் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயர் வாசிப்பது போலத்தான். அந்தப் பழக்கம் கசட்டிலும் ஏறிவிட்டது.

குசினியில் சத்தமாகப் போடுகிற அதே ஆள், வீட்டில் தகப்பனுக்கு முன்னால் சில பாட்டுகளைப் போடமாட்டார். வரிகள் அப்படி. அதனால் அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், ராய் பிடிக்கும் என்று காட்ட நீங்கள் போனை எடுத்துப் போட்டுவிடவேண்டாம்.

எங்கள் கடைகள் இருக்கும் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும் நாளில், மெட்ரோ 2இல் ஒரு நிறுத்தம் தள்ளி பார்பெசில் இறங்கிப் பாருங்கள். ஒரு காலம் இந்தக் கசட்டுகளுக்குப் பேர்போன இடம் அது.

இன்னுமொன்று, பாரிசில் இருக்கும் அல்ஜீரியர்களில் கனபேர் கபில்கள், அரபியரல்லாத பெர்பர் இனத்தவர். அவர்களுக்குப் பாஷை வேறு, பாட்டு வேறு. “உங்கட ராய்” என்று தொடங்கினால் சிலருக்கு முகம் மாறும். முதலில் எந்த ஊர் என்று கேளுங்கள். கபில் என்றால் கபில் பாடகர் இதிரின் எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டுவிடுங்கள், அன்றைக்குக் கோப்பை முடியும்வரை அவர்தான் கதைப்பார்.