அடுக்கில் இடமில்லாத பாட்டு – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

பழைய திரைப்பாடல்கள் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை விடாமல் படிக்கிறேன். எனக்கு வயது 31. இந்தப் பித்து அப்பாவிடமிருந்து வந்தது. எத்தனையோ அருமையான பாடல்கள் உரிய புகழ் கிடைக்காமலே போய்விட்டனவே, ஏன்? படம் ஓடாததால் பாட்டும் போனதா, அல்லது நம் மக்களுக்கு ரசனை போதவில்லையா? இன்றைய பிள்ளைகளுக்கு இவற்றைக் கேட்கும் பொறுமையே இல்லை. யூட்யூபில் சில பாடல்களை ஆயிரம் பேர்கூடப் பார்க்கவில்லை. உலகம் மறந்த பத்துப் பாடல்களை, பாடியவர், இசையமைப்பாளர் பெயர்களோடு கீழே தந்திருக்கிறேன். நீங்களும் பத்து எழுதுங்கள்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் பட்டியல் போடப்போவதில்லை. மக்களுக்கு ரசனை இல்லை என்ற பேச்சையும் விட்டுவிடுவோம். அது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் மாலை. பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல நீங்கள் ஐம்பது வயது வரையாவது காத்திருக்கலாம். யூட்யூப் எண்ணிக்கை யாரோ ஒருவர் ஏற்றிய ஒரு பிரதியின் கணக்கு. பாட்டின் கணக்கு அதுவல்ல.

உங்கள் கடிதத்துக்கு உட்கார்ந்து பதில் எழுதக் காரணம் பட்டியலின் நான்காவது வரி. ‘உன்னிடம் மயங்குகிறேன் – யேசுதாஸ் – எம்.எஸ்.விஸ்வநாதன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

உலகம் அந்தப் பாட்டை ஒன்றும் மறந்துவிடவில்லை. எந்த ஊர்க் கல்யாண வரவேற்பிலும், மெல்லிசைக் குழுவில் யேசுதாஸ் குரல் கொஞ்சம் வருகிற ஒருவர் இருந்தால் அதைப் பாடாமல் மேடையை விட்டு இறங்கமாட்டார். ஆனால் அதற்கு இசை எம்.எஸ்.வி. இல்லை. வி.குமார். 1975இல் வந்த ‘தேன் சிந்துதே வானம்’ படத்துப் பாட்டு, வாலி எழுதியது. உரிய புகழ் கிடைக்கவில்லையே என்று அழுதுகொண்டே, கிடைத்த புகழையும் எடுத்து வேறொருவர் சட்டைப்பையில் போட்டிருக்கிறீர்கள். அவர் பையில் ஏற்கெனவே இடமில்லை.

(இன்னொரு வேடிக்கை. ‘தேன் சிந்துதே வானம்’ என்று தொடங்கும் பாட்டு அந்தப் படத்தில் கிடையாது. அது 1973இல் வந்த ‘பொண்ணுக்குத் தங்க மனசு’ படத்துப் பாட்டு, இசை ஜி.கே.வெங்கடேஷ். இளையராஜா அப்போது அவரிடம் உதவியாளர். அதனால் அந்தப் பாட்டை ராஜா பேரில் எழுதுகிறவர்களும் உண்டு.)

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. இதே தப்பை அச்சில் செய்தவன் நான்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் சந்தில் ஒரு மேசை, இரண்டு டெக், சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. கடைக்காரரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டுகளை எழுதி, காலி கேசட் ஒன்றோடு கொடுத்துவிட்டு வந்தால் மூன்று நாளில் பதிந்து தருவார். அறுபது நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி, ஆறு அல்லது ஏழு பாட்டு. எப்படிக் கணக்குப் போட்டாலும் கடைசியில் இரண்டு மூன்று நிமிஷம் மிஞ்சும். அதைக் காலியாக விட்டால் டேப்பை வீணாக்கிவிட்டதாகச் சண்டைக்கு வரும் ஆட்கள் உண்டு. ஆகவே அந்த இடத்தில் அண்ணன் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். அது முழுதாக அடங்காது. சரணத்தின் நடுவில் டேப் தீர்ந்து, டக்கென்று பட்டன் மேலே எழும்பும்.

கேசட் அட்டையில் நாம் கேட்ட பாட்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, குண்டு குண்டான எழுத்தில் முதல் வரியை எழுதியிருப்பார். கடைசித் துண்டுப் பாட்டுக்கு எண்ணும் இல்லை, வரியும் இல்லை. ஒரு கூட்டல் குறி மட்டும்.

எம்.எஸ்.வி. பாட்டாகவே ஏழு எழுதிக் கொடுத்த ஒரு கேசட்டில், ஏ பக்கத்தின் கூட்டல் குறியாக வந்தது ‘தேவன் வேதமும் கண்ணன் கீதையும்’. எஸ்.பி.பி.யும் சுசீலாவும். எஸ்.பி.பி.யின் குரல் இன்னும் சதை பிடிக்காத காலத்துக் குரல். ஒரு மாதத்தில், நானே கேட்டு வாங்கிய ஏழையும் ஓட்டித் தள்ளிவிட்டு எட்டாவதை மட்டும் கேட்க ஆரம்பித்திருந்தேன். இரண்டாவது சரணத்தில் வாயைத் திறக்கும்போதே டக்.

“இது யாருண்ணே மியூசிக்?” என்று போய்க் கேட்டேன்.

“எம்.எஸ்.வி. கேசட்லதானே போட்டிருக்கேன் தம்பி, அவராத்தான் இருக்கும்.”

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். அண்ணனின் அலமாரியில் கே.வி.மகாதேவன் ஓர் அடுக்கு, எம்.எஸ்.வி. இரண்டு அடுக்கு, இளையராஜா நாலு அடுக்கு. டி.எம்.எஸ். சோகப்பாடல்களுக்கும் பக்திக்கும் தனித்தனி. வி.குமாருக்கு அடுக்கு இல்லை. கேசட் அட்டையில் போட்டால் விற்கும் பெயர் வேண்டும், அது அவருடைய பெயராக இல்லை. அடுக்கு இல்லாதவரின் பாட்டு அதற்காகத் தெருவில் நிற்காது. சாயலில் பக்கத்தில் இருக்கும் பெரிய பெயரின் அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே நன்றாகவே இருக்கும். கேட்பார்கள், பாடுவார்கள், கல்யாணத்தில் வாசிப்பார்கள். மெட்டுப் போட்டவர் மட்டும் காணாமல் போய்விடுவார்.

ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நேர்ந்ததில்லை. இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களைக் கேட்டவர்களுக்குப் பாட்டோடு பெயர்களும் சேர்ந்தே காதில் ஏறியிருக்கும். கேசட் வந்தபோது பாட்டை மட்டும் பதிந்துகொண்டு அறிவிப்பாளரின் குரலை வெட்டி எறிந்தோம். அறிவிப்பு விழாமல் பதிவதுதான் அன்று கெட்டிக்காரத்தனம்.

வி.குமார் நாடகத்திலிருந்து வந்தவர். பாலசந்தர் முதன்முதலில் இயக்கிய ‘நீர்க்குமிழி’ (1965) படத்துக்கு அவர்தான் இசை. ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’ அதில்தான், சுரதா எழுதி சீர்காழி கோவிந்தராஜன் பாடியது. மறுவருஷம் ‘மேஜர் சந்திரகாந்த்’தில் சுசீலாவின் ‘ஒருநாள் யாரோ’. ‘நவக்கிரகம்’ படத்தின் ‘உன்னைத் தொட்ட காற்று வந்து என்னைத் தொட்டது’. இவற்றில் எதை உங்கள் அப்பாவிடம் முனகினாலும் அடுத்த வரியை அவர் எடுத்துக் கொடுப்பார். இசை யார் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷம் யோசிப்பார்.

1972இல் ‘வெள்ளி விழா’. அதில் ‘காதோடுதான் நான் பாடுவேன்’ பாட்டை குமார் எல்.ஆர்.ஈஸ்வரிக்குக் கொடுத்தார். அதற்கு நாலு வருஷம் முன்புதான் ‘எலந்தப் பயம்’ என்று தெருவையே கூவி எழுப்பிய குரல் அது. ஈஸ்வரி என்றால் துள்ளல், கிளப், கும்மாளம் என்று ஊரே முடிவுகட்டியிருந்த நேரம். அவரைப் போய் மூச்சுக்கு மேல் குரல் எழாமல் பாடச் சொல்லியிருக்கிறார். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். குரல் உயரத் தெரிந்தும் உயராமல் அடங்கி நிற்கும் இடம் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. சாதுவான குரல் ஒன்று மெதுவாகப் பாடுவது வேறு. பெரிய குரல் ஒன்று, பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்று தன்னைச் சுருக்கிக்கொள்வது வேறு. அந்தக் குரலுக்குள் இது இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்காகவே அவருக்கு ஓர் அடுக்கு கொடுத்திருக்க வேண்டும்.

அதே படத்தில் ‘உனக்கென்ன குறைச்சல், நீ ஒரு ராஜா’. பாடியவர் எம்.எஸ்.விஸ்வநாதன், இசை வி.குமார். சக இசையமைப்பாளரைக் கூப்பிட்டுத் தன் மெட்டைப் பாடவைத்திருக்கிறார், அவரும் வந்து பாடியிருக்கிறார். அதன் பலன், எம்.எஸ்.வி. குரல் கேட்கிறதே என்று அந்தப் பாட்டையும் நாம் அவர் கணக்கிலேயே எழுதினோம்.

சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். 1987இல் வந்த ‘வேதம் புதிது’ படத்தின் ‘கண்ணுக்குள் நூறு நிலவா’வை இளையராஜா தொகுப்புகளில் நானே பார்த்திருக்கிறேன். அதற்கு இசை தேவேந்திரன். அதை இங்கே தொடங்கினால் இன்று முடியாது.

சரி, என் தப்புக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பத்திரிகையில் எம்.எஸ்.வி.யின் மேதைமை பற்றி எழுதினேன். ‘தேவன் வேதமும்’ பாட்டைத்தான் உச்சமான உதாரணமாக வைத்து இரண்டு பத்தி உருகியிருந்தேன். முதல் வரியில் விவிலியமும் கீதையும் கைகோக்கும் இடத்தில் மெட்டும் எப்படிக் கைகோக்கிறது என்றெல்லாம். இவரைத் தவிர வேறு யாரால் முடியும் என்று முடித்திருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பத்திரிகை அலுவலகம் வழியாக ஒரு போஸ்ட்கார்டு வந்தது. ‘ஐயா, தாங்கள் குறிப்பிட்ட பாடலுக்கு இசை வி.குமார். படம் ராஜநாகம், 1974. திருத்திக்கொள்ளவும்.’ அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. கையெழுத்துக்குக் கீழே பெயர் புரியவில்லை, முகவரி புரிந்தது.

நான் பதில் போடவில்லை. பத்திரிகைக்குத் திருத்தமும் அனுப்பவில்லை. வெட்கமாக இருந்தது என்று இப்போது சொல்லலாம். அன்று இருந்தது எரிச்சல். இரண்டு பத்தி எழுதியிருக்கிறேன், இந்த மனிதர் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே என்று.

போன வாரம் பழைய காகிதங்களைக் கழித்தபோது அந்தக் கார்டு கையில் வந்தது. மேசைமேல் எடுத்து வைத்தேன். மறுநாள் உங்கள் மின்னஞ்சல்.

இப்போது அந்தப் பாட்டு போனில் முழுதாக இருக்கிறது. ஆனாலும் இரண்டாவது சரணம் தொடங்கியதும், யாரோ நடுவில் புகுந்து வேறு பாட்டைப் பாடுவதுபோல் எனக்குத் திடுக்கென்கிறது.

நான்காவது வரியைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். அப்படியே ஏழாவதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அன்புடன்.